எழுதாமல் விட்ட தம்பி

தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோவுக்கு வந்து ஒரு வருசம். மகன் நாலு வயதாகியும் கதைக்கவில்லை. பிள்ளைகள் ஏன் இப்படிப் பிறக்கினம் என்று பரம்பரையில் தேடுகிற ஒரு டாக்குத்தரம்மாவிடம் எங்களை அனுப்பினார்கள். அவா எங்கள் குடும்பத்தை ஒரு தாளில், ஆம்பிளைக்குச் சதுரமும் பொம்பிளைக்கு வட்டமுமாகக் கீறிக்கொண்டு போனா.

"உது சாதகக் குறிப்பு மாதிரித்தான் அக்கா, செவ்வாய் மட்டும் இல்லை," என்று மொழிபெயர்க்க வந்த பிள்ளை சிரித்தாள். பிறகு அடுத்த கேள்வியைச் சொன்னாள். "உங்கட சகோதரங்களில கதைக்காத ஆரும் இருக்கினமோ?"

என் தம்பி ஒருநாளும் கதைத்ததில்லை. அது தெரிந்தால் எங்களை எடுக்கமாட்டார்கள் என்று பயந்து, அகதிப் படிவத்தில் அவனை எழுதாமலே விட்டிருந்தேன். கேஸ் இன்னும் முடியவில்லை. சொன்னால் பொய் பிடிபடும், சொல்லாவிட்டால் மகனுக்கு விடை கிடைக்காது. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு, எந்தக் கடுதாசி எந்தக் கந்தோருக்குப் போகும் என்று என்ன தெரியும்?

"உந்தப் பேப்பர் இமிகிரேசனுக்குப் போகுமோ?"

"போகாதாம் அக்கா. உதில பேரே இல்லை, நம்பர்தான்."

"அப்ப எனக்குப் பக்கத்தில ஒரு சதுரம் கீறச் சொல்லுங்கோ. பென்சிலால."

அவா கீறி, கதைக்காத ஆள் என்று காட்ட அதை நிரப்பிக் கறுப்படித்தா. பெயரை ஒருவரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன், "யோகன்" என்று.

மகனுக்கு என்ன காரணம் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் கனடாவில் என் தம்பி இருந்த ஒரே இடம் அந்தச் சதுரம்தான்.