முனிரத்தினம் சாரின் பாம்புகள்

முனிரத்தினம் சார் போய்விட்டார் என்று போன் வந்தபோது திருத்தணி பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். 'இனி அந்தப் பாம்புகள் யாருக்கு?' என்றுதான் முதலில் தோன்றியது. அவரை அறிந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

ஒரே பள்ளியில் அவர் ஓவிய ஆசிரியர், நான் கணக்கு. பொதட்டூர்பேட்டை சாலையில் பக்கத்துப் பக்கத்தில் ஆளுக்கு அரை ஏக்கர் வாங்கினோம். எலித் தொல்லைக்குப் பாம்பு வந்தால் நல்லது என்று தொடங்கியது, பிறகு பாம்பு பார்ப்பதே பைத்தியமாகிவிட்டது. அவர் புல்லை வெட்டாமல் விட்டார், உடைந்த செங்கல்லைக் குவித்தார், வெயில் படும் இடத்தில் பழைய தகரத்தைக் கிடத்தினார். ஆறே மாதத்தில் சாரை வந்தது, நல்லபாம்பு வந்தது. நீண்ட கொக்கியால் தகரத்தைத் தூக்கி, "பாருங்க சார், எப்டி தூங்கிகினு இருக்குது" என்பார். எனக்கு வயிறு எரியும்.

நானும் அதே செங்கல், அதே தகரம் போட்டேன். ஓணான்கூட எட்டிப் பார்க்கவில்லை. பொறுக்க முடியாமல் என் நிலத்துப் புற்றுக்கு மஞ்சள் பூசி, பாலும் முட்டையும் வைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமையே ஷேர் ஆட்டோவில் பெண்கள் வந்து இறங்கினார்கள். ஆடியில் கூழ் ஊற்றி, ஒலிபெருக்கியும் கட்டிவிட்டார்கள். முனிரத்தினம் சார் வேலியோரம் நின்று சிரித்தார்.

"பாம்பக் கூப்புடச் சொன்னா ஊரயே கூப்ட்டுகினு வந்துட்டீங்களே சார்! அதுக்குப் பால் வேணாங்க. தொந்தரவு பண்ணாத ஆளு வேணும்."

மூன்று மாதம் அவரோடு நான் பேசவில்லை.

ஒருமுறை தலை முதல் வால் வரை கிழியாத பாம்புச் சட்டை ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதை எனக்கே கொடுத்தார். நானோ வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் என் நிலத்தில் கிடைத்ததாகச் சொன்னேன். அது அவர் காதுக்கும் போனது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காரியம் முடிந்த அன்று அவர் மனைவி என்னைத் தனியாக அழைத்தார்.

"ஒன்னு சொல்லணும்ண்ணா. பாம்புங்க எங்க நெலத்துல படுக்க மட்டும்தான் வரும். உங்க புத்துகிட்ட கூட்டம் கலைஞ்சா போதும், எல்லாம் அங்க போயிடும். அங்க படைக்கிற பொரி, முட்டைக்கு எலி வருதில்ல? இவரு சாயங்காலம் பூரா வேலிகிட்ட நின்னு பாத்துகினே இருப்பாரு. 'நம்மள வுட்டுட்டு அங்கயே போவுதுங்க பாரு, சார் கிட்ட மட்டும் சொல்லிடாத'ன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிகினாரு."

அவருக்கும் என்மேல் பொறாமை இருந்திருக்கிறது. அவருடைய பெருந்தன்மையை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு இந்தப் பொறாமை போதும், இதை யாருக்கும் பங்கு தரமாட்டேன்.