நாகபூஷணம் லீவு போட்டால் அணை நிரம்பும்

திருப்பதிக்குக் குடிநீர் போகும் ஒரு மலையடி அணையில் நாகபூஷணம் முப்பத்தொரு வருஷமாக லஸ்கர், அதாவது அணைக் காவலாள். தினமும் காலை ஆறு மணிக்கு அளவுக்கம்பத்தில் நீர்மட்டம் பார்த்து மேலே சொல்ல வேண்டும். முன்பு வயர்லெஸ், இப்போது வாட்ஸப். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊருக்கு அந்தத் தண்ணீர் தாராளம். அப்புறம் லாட்ஜும் ஆஸ்பத்திரியும் காலேஜுமாக ஊர் வளர்ந்தது பாருங்கள், அணைதான் பாவம், அப்படியே இருந்தது.

அவர் சர்வீஸில் அது நிரம்பி வழிந்தது இரண்டே தடவை. முதல் தடவை மனுஷன் நகரியில் மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார்ந்திருந்தார். அடுத்த தடவை, மகள் தரணி பிறந்ததைப் பார்க்கப் போயிருந்தார். ஷட்டர் திறந்து தண்ணீர் பாய்ந்ததை மற்றவர்கள் சொல்லக் கேட்டதோடு சரி. வருகிற நவம்பர் முப்பதோடு ரிடையர்மென்ட். அதற்குள் ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு அப்படி ஓர் ஆசை.

நவம்பர் பிறந்ததும் மழை பிடித்தது. நிரம்ப இன்னும் இரண்டடிதான் என்றபோது சொல்லிவைத்த மாதிரி நின்றுவிட்டது. பத்து நாளாகச் சொட்டு இல்லை. குவார்ட்டர்ஸில் கேலி ஆரம்பித்தது.

“ஏமண்டி நாகபூஷணம் காரு, நீங்க கேக்கவே வேணாம், லீவு சாங்ஷன்!” என்று இன்ஜினியர் முரளிதரனே சிரித்தார்.

“நான் இன்னா சார், மழையக் கட்டிப் போட்டுகினா கீறேன்?” அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்தால் மனைவி சந்திரம்மா.

“ஊரே தண்ணிக்கு அல்லாடிக்கினு கீது. மவ தெருவுல அஞ்சு நாளைக்கு ஒருவாட்டிதான் தண்ணி வருதாம். நாலு நாளு அங்க போய்க் குந்திகினு வாய்யா. உன் சொத்தா போயிடும்?”

முணுமுணுத்துக்கொண்டே லீவு எழுதிக் கொடுத்து, திருப்பதியில் தரணி வீட்டுக்குப் போனார். மறுநாள் மத்தியானம் பிடித்தது பேய்மழை. மூன்றாம் நாள் காலை முரளிதரன் போன் செய்தார்.

“நிண்டிபோயிந்தி! நிரம்பிடுச்சு நாகபூஷணம் காரு! ஷட்டர் திறந்துட்டோம். ஜீப் அனுப்பறேன், ஓடி வாங்க!”

நாகபூஷணம் போனும் கையுமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை ஓடிவிட்டார். அங்கே தரணியின் காலிக் குடங்கள் குழாயடியில் வரிசையாக இருந்தன. அப்படியே நின்றார்.

“ஜீப் வாணாம் சார். என் லீவ முப்பதாந்தேதி வரைக்கும் நீட்டிடுங்க.”

“இன்னா நைனா, பைத்தியமா உனுக்கு? இத்தினி வருசமா இதுக்குத்தான காத்துகினு இருந்த?” என்றாள் தரணி.

“நான் போய் நின்னு, அது எறங்கிடுச்சுன்னா?” என்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

முரளிதரன் விடவில்லை, தண்ணீர் பாய்வதை வீடியோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார். நாகபூஷணம் அதையும் டிசம்பர் ஒன்றாம் தேதிதான் திறந்து பார்த்தார்.