பவுசுக்காரி குளித்த நாள்

எங்கள் வீட்டில் யாரும் அவளை ராணி என்று சொன்னதில்லை. பவுசுக்காரி என்றுதான் சொல்வோம். உண்மையில் அவள் ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் மனைவி. பவுஸ்தீனா என்று பெயர். மாமா அந்தப் பெயரை முதல்முறை சொன்னபோதே அம்மா, "பேர்லயே பவுசு இருக்கே, பெறகு கேக்கணுமா" என்றுவிட்டாள். அதோடு அந்த மகாராணிக்குக் கோவில்பட்டியில் பெயர்சூட்டு விழா முடிந்துவிட்டது.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிற வேலை. எங்கள் ஊரில் தீக்குச்சிக்கு மருந்து முக்குகிற இடத்துக்கும் ஆபீஸ் என்றுதான் பெயர். அவரோடு வேலை பார்த்தவர்கள் பைக் வாங்கினார்கள். மாமா பழங்காசு வாங்கினார். மதுரையிலும் சென்னையிலும் இருந்த வியாபாரிகளிடமிருந்து தபாலில் வரும். அதிலும் சக்கரவர்த்தி தலை போட்ட காசு ஆகாது, சக்கரவர்த்தினி தலைதான் வேண்டும். அதிலும் ரோமாபுரியில் அடித்தது ஆகாது. அந்த ராஜ்யத்துக்கு அடங்கிக் கிடந்த தூரத்து ஊர்கள் தாங்களே அடித்துக்கொண்ட செப்புக்காசுதான் வேண்டும். கல்யாண வயது தாண்டிய மனிதர் லீவு நாளெல்லாம் லென்சை வைத்துக்கொண்டு பெண் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் தெரு என்ன பேசுமோ அதைப் பேசியது.

அவரிடம் ஒரு காரணம் இருந்தது. அந்த ஊர்களில் காசுக்கு அச்சு வெட்டியவர்கள் யாரும் ராணியை நேரில் பார்த்திருக்கமாட்டார்களாம். ரோமாபுரியிலிருந்து வந்த காசைப் பார்த்துப் பாதி, தங்கள் தெருப் பெண்களின் சாடையில் பாதி என்று வெட்டிவிட்டார்களாம். அதனால் ஒரே பவுஸ்தீனா ஒரு காசில் ஒல்லியாக இருப்பாள், இன்னொன்றில் கன்னம் உப்பியிருப்பாள், வேறொன்றில் யாரையோ ஏசப்போகிறவள் மாதிரி இருப்பாள். மாமா ஒவ்வொருத்தியையும் ஒரு காலித் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் படுக்கப் போட்டிருந்தார். ரோமாபுரி ராணிகளெல்லாம் கிளி படமும் ரோஜாப்பூ படமும் ஒட்டிய பெட்டிக்குள் தூங்கினார்கள்.

அவர்களில் பெரிய காசில் இருந்த பவுசுக்காரிதான் அவருக்கு உயிர். பின்னால் கொண்டை, கொஞ்சம் பிதுங்கின கீழுதடு, சுற்றிலும் கிரேக்க எழுத்து. வட்டத்தில் கம்பைச் செருகியது போல இருக்கும் ஓர் எழுத்தைக் காட்டி, அவள் பெயர் அதில்தான் தொடங்குகிறது என்பார். நான் அதைக் குச்சிமிட்டாய் என்பேன். காசு முழுக்கக் கரும்பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். "களிம்புல கைய வைக்காதட்டி. எழுத்தும் மொகமும் அதுலதான் நிக்குது, அதுதான் காசுக்கு உசுரு" என்பார் மாமா. கீழே எங்கள் அடுக்களையில் களிம்பு என்றால் விஷம். பித்தளைச் சட்டியில் லேசாகப் பச்சை தெரிந்தால்கூட அம்மா புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஒரே சொல்லுக்கு மாடியில் ஓர் அர்த்தம், கீழே ஓர் அர்த்தம் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

எனக்கு ஒன்பது வயதாகும்போது மாமாவுக்குக் கல்யாணம் நடந்தது. அத்தைக்கு நாகலாபுரம் பக்கம். மிளகாய்க் காட்டில் வேலை செய்து வளர்ந்தவள். பெண் பார்க்க வந்த பலபேர் நிறத்தைச் சொல்லிவிட்டுப் போன பிறகு மாமா போய், பார்த்த அன்றே சரி என்று சொல்லிவிட்டு வந்தார். வந்த புதிதில் அத்தை டம்ளரைக்கூடச் சத்தமில்லாமல்தான் வைப்பாள். யாராவது கூப்பிட்டால், என்ன தப்பு நடந்துவிட்டதோ என்கிற முகத்தோடுதான் திரும்புவாள். அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வந்தது. எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வருவதே ஒரு பண்டிகை. அது பண்டிகையோடு சேர்ந்தும் வந்தால் கேட்கவேண்டுமா. அத்தை மாடியில் இருந்த பாத்திரம் பண்டமெல்லாம் விளக்கிக் கவிழ்த்தாள். தச்சனுக்கு உளி, டிரைவருக்கு வண்டி, கணக்கு எழுதுகிற தன் வீட்டுக்காரருக்கு எதைச் சாமிக்கு முன்னால் வைப்பது என்று யோசித்திருக்கிறாள். தீப்பெட்டிகள் கண்ணில் பட்டன. முதல் பெட்டியைத் திறந்தாள். புருஷன் அருமையாக வைத்திருக்கிற பொருள் இப்படிக் களிம்பேறிக் கிடக்கிறதே என்று மனசு கேட்கவில்லை. புளியும் உப்பும் போட்டு, தேங்காய்நாரால் தேய்தேயென்று தேய்த்துவிட்டாள். அடுத்த பெட்டிக்குப் போவதற்குள் குழாய் நின்றுபோனதால் மற்ற ராணிகள் தப்பித்தார்கள்.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து மாடி ஏறியபோது தட்டில் பவுசுக்காரி பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தாள். புதுச்செம்பு நிறம். குச்சிமிட்டாயைத் தேடினேன். அதையும் காணோம், வேறு ஓர் எழுத்தையும் காணோம். மூக்கு மழுங்கி, உதடு போய், கொண்டை மட்டும் கொஞ்சம் மேடாக இருந்தது. "மாமா பாத்தா சந்தோசப்படுவாவல்லா?" என்று அத்தை கேட்டாள். வந்த நாளிலிருந்து அவள் இவ்வளவு தைரியமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். இன்றைக்குப் பெரிய சண்டை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், அதைப் பார்க்க ஆசையாகவும் இருந்தது.

மாமா வந்தார். அத்தை தட்டை நீட்டினாள். அவர் காசை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடியும் திருப்பினார்.

"புளியா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் உப்பும் போட்டேன்."

"ம். நல்லா வந்திருக்கு. இப்பத்தான் மூக்கும் முழியும் தெரியுது."

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, எழுத்தெல்லாம் போயிட்டு" என்றேன். அத்தையின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"எழுத்து எங்கட்டி போவும், அங்கனதான் இருக்கு. உனக்குக் கண்ணு தெரியல" என்றார் மாமா. முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார். வர நேரமாயிற்று.

நான் கீழே ஓடி அம்மாவிடம் வத்தி வைத்தேன். அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு படியேறினாள். மாமா பாதிப் படியில் வந்து மறித்துக்கொண்டார். "யக்கா, அவகிட்ட ஒண்ணும் கேக்காத" என்றார், சின்னக் குரலில். எவ்வளவு ஆசைப்பட்டு வாங்கின காசு என்று அம்மா ஆரம்பித்தாள். "களிம்புதான போச்சு" என்றார் அவர். காசுக்கு உசுரு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே வாய். எனக்கு அன்றைக்கு மாமாமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அதைவிடப் பெரிய பைத்தியக்காரத்தனம் அடுத்த வருஷம் நடந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாமாவே அந்தக் காசை எடுத்துவந்து அத்தை கையில் கொடுத்தார். "இந்தா, பவுசுக்காரியக் குளிப்பாட்டு." மற்ற தீப்பெட்டிகளை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். அதற்கு அடுத்த வருஷமும் கொடுத்தார். அது வீட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது.

இப்போது நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். போன ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போயிருந்தபோது அத்தை வழக்கம்போலப் புளியோடு உட்கார்ந்திருந்தாள். மாமா பொரி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். காசில் முகமும் இல்லை, கொண்டையும் இல்லை. வழுவழுவென்று ஒரு செப்புத் தகடு. ஒன்றுமே இல்லாததை இன்னும் ஏன் அத்தை விளக்குதீங்க என்று கேட்டுவிட்டேன்.

அத்தை தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அன்னைக்கு நீ எழுத்துப் போயிட்டுன்னு சொன்னேல்லா. அவிய தொட்டிப் பக்கம் போயி நின்னாவ. முதுகு குலுங்குச்சு. சன்னல் வழியா நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்றாள். காசைத் திருப்பிப் போட்டுத் தேய்த்துக்கொண்டே, "மறுவருசம் அவியளே கொண்டாந்து கையில தாராவ. வேண்டாம்னு சொன்னா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு ஆயிரும்லா. நீ சொல்லிராத" என்றாள்.

கீழே செருப்புச் சத்தம் கேட்டது. மாமா பொரிப் பையோடு படியேறி வந்தார். அத்தை காசைத் துடைத்து அவர் கையில் வைத்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூக்கும் முழியும் நல்லாத் தெரியுது" என்றார்.

அத்தை "ம்" என்றாள். அன்றைக்கு இதே படியில் உட்கார்ந்து சண்டைக்குக் காத்திருந்து ஏமாந்ததிலிருந்து இத்தனை வருஷமும், அந்த வீட்டில் மாமா ஒருவர்தான் பொய் சொல்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.