பரிசாக வந்த பால்கோவா

பால் சுண்டும் வாசனை எங்கிருந்து வந்தாலும் எனக்கு முதலில் நாக்கில் நீர் ஊறும், அடுத்த கணமே யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பேன். இந்த வயதிலும் அது போகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையில் பால் கிண்டும் மாஸ்டராக இருந்தார் அப்பா. சாயங்காலம் வேலை முடிந்ததும், இரும்புச் சட்டியின் அடியில் சிவந்து ஒட்டிக் கிடப்பதைச் சுரண்டி வாழையிலையில் மடித்து எனக்கென்று கொண்டுவருவார். விற்கிற பால்கோவாவைவிட அந்தச் "சுரண்டல்" ருசி. நான் தின்று முடிக்கும்வரை சட்டையைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்திருப்பார்.

நான் படித்தது ராஜபாளையத்தில். ஒன்பதாம் வகுப்பில் புதிதாக வந்த பி.டி. டீச்சர், நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடியதைப் பார்த்துவிட்டு நானூறு மீட்டர் ஓட்டத்தில் என் பெயரைச் சேர்த்தார். அந்த வருடம்தான் பள்ளிக்கூடத்துக்கு "ஆரோக்கியம்" பிடித்துக்கொண்டது. வாசலில் பப்ஸ் விற்றவரை விரட்டினார்கள், டிபன் பாக்ஸில் முளைகட்டிய பயறு இருக்கிறதா என்று திறந்து பார்த்தார்கள், பிரேயரில் சர்க்கரையைத் திருடனை ஏசுவதுபோல ஏசினார்கள். விளையாட்டு விழா வரைக்கும் இனிப்பைத் தொட்டால் ஓட்டத்தில் இடமில்லை என்று டீச்சர் எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். எனக்கோ ஓடியே ஆக வேண்டும். ஓடும்போது மட்டும்தான் நான் குண்டு என்பது எனக்கு மறந்துபோகும்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். பிரித்த இலையைத் திரும்ப மடித்தபடி, "அம்புட்டும் பால்தான தாயி" என்றார். கோபமில்லை, புரியவில்லை, அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவரே பயறை ஊறவைத்துத் துணியில் கட்டித் தொங்கவிட்டார். நான் அதை மென்று முடிக்கும்வரை வழக்கம்போல எதிரே உட்கார்ந்திருந்தார். எனக்குத்தான் குழப்பம் தீரவில்லை. பால்கோவா அவ்வளவு கெட்டது என்றால், நாள் முழுக்க அடுப்பு முன்னால் வெந்துகொண்டு அப்பா செய்வது என்ன? என் யூனிபாரமும் செருப்பும் அந்தச் சட்டியிலிருந்துதானே வந்தன?

விழா அன்று நான்தான் முதலில் வந்தேன். மேடையில் சான்றிதழோடு கையில் வைத்தார்கள் ஒரு பால்கோவா டப்பா, அதுவும் அப்பா வேலை பார்க்கும் கடையின் டப்பா. எங்கள் ஊர்ப்பக்கம் விழா என்றால் பால்கோவா கொடுத்தே பழக்கம். ஆரோக்கியத்தைப் பற்றி அத்தனை யோசித்தவர்கள் பரிசைப் பற்றி யோசிக்கவில்லை. டீச்சரே டப்பாவைத் திறந்து ஒரு துண்டை என் வாயருகே நீட்டினார். "ஜெயிச்சிட்டேல்ல, இன்னைக்குச் சாப்பிடலாம்."

கூட்டத்தில் நின்ற அப்பா மேடை வரைக்கும் வந்துவிட்டார். "வேண்டாம் டீச்சர். பிள்ள இன்னும் ஓடணும்ல."

தின்னாதே என்றவர் ஊட்ட வருகிறார், ஊட்டியவர் தடுக்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் வாயைத் திறந்தபடி நின்றேன். அந்த நேரம் பார்த்து போட்டோ எடுத்தார்கள். அதில் நான் அழுதுகொண்டிருக்கிறேன். டப்பாவை அம்மா தெருவில் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டார்.

பத்தாம் வகுப்பில் பி.டி. பீரியட் கணக்குக்குப் போனது. நாங்கள் டெஸ்ட் எழுதும்போது மேற்பார்வைக்கு வந்து நின்றதும் அதே டீச்சர்தான். "பரீட்சை முடியட்டும், பிறகு ஓடலாம்" என்றார். வீட்டில் அப்பாவும், "படி தாயி, பொறவு ஓடலாம்" என்றார். அன்று திரும்பவும் வாழையிலை மடிப்பு வந்தது. எதிரே உட்கார்ந்துகொண்டார். தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

இப்போது என் மகள் அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நான் ஓடிய மைதானத்தில் பள்ளி வேன்கள் நிற்கின்றன. பழம் தின்னுங்கள், ஓடியாடுங்கள் என்று பள்ளியிலிருந்து போனுக்கு வீடியோ வருகிறது. கடையில் இயந்திரம் கிண்டுகிறது, சுரண்ட ஒன்றும் மிஞ்சுவதில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை, டாக்டர் சொன்னபடி தினமும் காலையில் நடக்கப் போகிறார்.

நேற்று வீடியோவைப் பார்த்துவிட்டு, "நீ எப்பம்மா ஓடுறத நிறுத்துன?" என்று மகள் கேட்டாள். ஷூ மாட்டிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை. எல்லோரும் பொறவு என்றுதான் சொன்னார்கள், நானும் காத்திருந்தேன்.