நல்லவாட்டில் அளந்த என் இரத்த அழுத்தம்

பாகூர், வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்துகளிலும் அடுத்துள்ள கடலோர ஊர்களிலும் நடைபெற்ற இதயநோய் அபாயக் காரணிகள் பற்றிய மக்கள் ஆய்வில் நான் கள மேற்பார்வையாளராக இருந்தேன். புள்ளியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன். என் கையொப்பத்துடன் சென்ற படிவம் எதுவும் பிழையென்று திரும்பி வந்ததில்லை. தற்பெருமைக்காக இதைக் கூறவில்லை. இனிக் களத்துக்குச் செல்வோர், கீழ்வரும் நிகழ்ச்சியை எழுதுகிறவன் எத்தகையவன் என்று அறிந்து படிக்க வேண்டும்.

மீனவர் ஊரான நல்லவாட்டில் மூன்றாம் நாள் காலை, மீன் ஏலக் கொட்டகையை ஒட்டி மேசை போட்டிருந்தோம். மீன் வியாபாரம் செய்யும் அஞ்சலை அம்மாள் முதலில் வந்தார். செவிலியர் கலைவாணி அவரை ஐந்து நிமிடம் பேசாமல் அமரவைத்து, மும்முறை அளந்தார். அழுத்தம் மிகுதியாக இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அஞ்சலை சீட்டை மேசையிலேயே திருப்பி வைத்தார். "எனக்கு பிரஷரா? இந்தக் கூடையத் தூக்கிக்கினு தவளக்குப்பம் வரிக்கும் போறவளுக்கு எங்கேர்ந்துடி வரும் பிரஷரு? உன் மெஷினு கெட்டுப்பூட்ச்சி."

ஊரில் அவர் சொல் எடுபடும். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினர். ஊர் மறுத்துவிட்டால் ஆய்வில் கடலோரப் பகுதியே விடுபடும். அதைவிட, அந்த அழுத்தத்தோடு இந்த அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

"சென்ற வாரம்தான் கருவியைச் சரிபார்த்தோம், அம்மா" என்றேன்.

"அப்டீன்னா நீ குந்து சாரு. ஒன்னுத பாப்போம்."

மறுக்க இயலவில்லை. கஞ்சியிட்ட முழுக்கைச் சட்டை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. சட்டைத் துணியின் மேல் கருவியின் பட்டையைக் கட்டலாகாது என்று கற்பித்தவனே நான். ஆகவே ஒரு கையை மட்டும் சட்டையிலிருந்து உருவி, பொதுமக்கள் முன்னிலையில் பனியனோடு அமர்ந்தேன்.

கருவி 172/104 என்று காட்டியது.

"ஓய்வெடுக்காமல் எடுத்த அளவு செல்லாது" என்றேன்.

"செல்லாதா? சரி, எனக்கு இன்னா சொன்னியோ அதையே நீயும் செய்யி. காலு மேல கால் போடாத. பேசாத" என்றார் அஞ்சலை.

ஐந்து நிமிடம் அமர்ந்திருந்தேன். ஏலம் கூட நின்றுவிட்டது. ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த ஒருவர், "மூணு நாளா பாக்கறேன், சாரு வாய மூடனது இப்பதாம்பா" என்றார். விதிப்படி நான் பதிலளிக்கவில்லை.

மீண்டும் அளந்தபோது 166/100. அடுத்து 164/98.

கலைவாணி குனிந்து, "சார், மெஷின்ல கோளாறுன்னு எழுதிடட்டுமா? நாளைக்கு வேற மெஷின் எடுத்தாரலாம்" என்றார். அவர் என் மதிப்பைக் காக்கவே அப்படிக் கேட்டார். ஒரு கணம் எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆனால் கருவி பழுது என்று நான் ஒப்புக்கொண்டால், அஞ்சலையின் அளவும் பழுதாகிவிடும்.

பங்கேற்பாளரின் அளவை வெளியிடக் கூடாது என்பது விதி. என் அளவை நானே கூறத் தடையில்லை.

எழுந்து நின்று, "கருவி சரியாகவே உள்ளது. எனக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. இதுவரை நான் பார்த்துக்கொண்டதே இல்லை" என்றேன்.

கொட்டகை முழுதும் சிரித்தது. அஞ்சலை மட்டும் சிரிக்கவில்லை.

"அப்போ எனக்கும் நெசமாவே கீதா?"

"இருக்கிறது, அம்மா."

மேசையிலிருந்த சீட்டை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு வரிசையைப் பார்த்து, "இன்னா வேடிக்க? சாரே குந்திட்டாரு, உங்களுக்கு இன்னா கேடு? வாங்கடி" என்றார். நண்பகலுக்குள் படிவங்கள் தீர்ந்து, கலைவாணி பாகூருக்கு ஆள் அனுப்ப நேர்ந்தது. மறுநாள் சுகாதார நிலைய வரிசையில் அஞ்சலைக்கு அடுத்ததாக நான் நின்றேன்.

இளையோருக்கு நான் கூறுவது இதுதான்: பிறர் கையில் கட்டும் பட்டையை முதலில் உங்கள் கையில் கட்டிப் பாருங்கள். ஆள் பார்க்குமுன் செய்துகொள்வது நலம்.

இன்றும் தவளக்குப்பம் சந்திப்பில் நான் பேருந்துக்கு நிற்கும்போது, சாலைக்கு அப்பாலிருந்து அஞ்சலையின் குரல் வரும்: "சாரே, மாத்தர போட்டியா?"

தாழ்ந்த குரலில், "போட்டுக்கொண்டேன்" என்பேன்.

"கேக்கல சாரே, சத்தமா சொல்லு."

சொல்வேன். பேருந்துக்கு நிற்போர் அனைவரும் திரும்பிப் பார்ப்பர்.