தாய்மாமனின் இடது கை

என் தம்பி ஒரு நோர்வேஜிய கன்ட்ரி இசைக்குழுவின் முதன்மைக் கிற்றார் கலைஞன். இரண்டாவது இசைத்தட்டு வெளிவந்ததும் அந்தக் குழு யாரும் எதிர்பாராத வெற்றி கண்டது. பெற்றோல் நிலையத்திலும் பல் வைத்தியரின் காத்திருப்பு அறையிலும் அவன் வாசிப்பைக் கேட்க வேண்டியிருந்தது. அதுவரை "மாட்டுக்காரற்றை பாட்டு" என்று கேலி செய்த உறவினர்கள் அவனோடு படம் எடுக்க நெருக்கியடித்தார்கள்.

என் மகள் பெரியபிள்ளையாகி, அவளின் சாமத்திய வீட்டுக்கு நாள் வைத்ததும் அந்தக் கோடையில்தான். அவளுக்கு ஒரே தாய்மாமன். தேங்காய் உடைத்து, முதல் தண்ணீர் வார்க்க வேண்டியவன் அவன். கோடைச் சனிக்கிழமைகள் எல்லாம் குழுவுக்குப் போய்விட்டன. சோதிடரோடு மூன்று தடவை தொலைபேசியில் மன்றாடி ஒரு ஞாயிறு வாங்கினேன். முதல் நாள் ஹாமார் நகரில் வாசித்துவிட்டு, விடிய வெளிக்கிட்டுக் காரில் வருவதாகத் தம்பி சொன்னான்.

வந்தான். ஒஸ்லோவின் பியோர்ண்டாலில் எங்கள் வீட்டுக் குளியலறை வாசலில் ஏழு பேர் நெருங்கி நின்றோம். மகள் குளியல் தொட்டிக்குள் நின்றாள். நல்ல நேரம் முடிய இருபது நிமிடம் இருந்தது. பெரியம்மா தேங்காயையும் கத்தியையும் நீட்டினார். தம்பி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அக்கா, இதை வேற ஆரும் உடைக்கட்டும்."

"வேற ஆர்? உன்ரை ட்ரம்ஸ்காரனைக் கூப்பிடவோ?"

"அவன் நல்லா அடிப்பான்," என்றான், சிரிக்காமல்.

எங்கள் வீடுகளில் தேங்காயை இடது உள்ளங்கையில் ஏந்தி, வலது கையால் கொத்துவோம். அவனுக்கு இடது கைதான் தந்திகளை அழுத்தும் கை. விரல்களுக்குக் காப்புறுதி செய்திருக்கிறதாம். புதன்கிழமை ஒஸ்லோவிலேயே பெரிய அரங்கில் நிகழ்ச்சியாம். அந்தக் கையைக் கத்திக்குக் கிட்டக் கொண்டுபோகமாட்டேன் என்று முகாமையாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறானாம். இத்தனையும் அவனுக்கு முதல் நாளே தெரியும். எனக்கு அந்தக் குளியலறை வாசலில்தான் சொன்னான்.

"கொப்பர் பாட்ஸ்பியோர்ட்டிலை மீன் வெட்டின கையாலைதான் உனக்குச் சோறு போட்டவர். உன்ரை கையென்ன கண்ணாடியோ?" என்றார் பெரியம்மா. அப்பா வடக்கே அந்த மீன்பிடித் துறைமுகத்தில் வேலை செய்தவர்.

"பெரியம்மா, அவருக்கு ஒரு விரல் மடங்காது. தெரியும்தானே?"

நிலத்தில் அடித்து உடைக்கலாம் என்றார் ஒருவர். சிதறினால் சகுனம் பிழை என்றார் இன்னொருவர். என் கணவர் சுத்தியல் தேடி நிலவறைக்குப் போனார், திரும்பி வரவில்லை.

"அம்மா, எனக்குக் குளிருது. ஆராவது உடையுங்கோவன்!" என்றாள் மகள்.

ஒன்பது நிமிடம் இருந்தது.

"நான் பிடிக்கிறன். நீ கொத்து," என்றேன்.

உடனே சம்மதித்தான். கொஞ்சம் யோசித்திருக்கலாம். முதல் கொத்து தேங்காயில் வழுக்கி என் பெருவிரலில் பட்டது. "சொறி அக்கா," என்றபடியே இரண்டாவதைப் போட்டான். தேங்காய் சரிபாதியாகப் பிளந்தது.

"பாருங்கோ, என்ன வடிவாய் உடைச்சிருக்கிறான்!" என்றார் பெரியம்மா.

நான் விரலைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு நிமிர்ந்தேன். தம்பி தன் இடது கையை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, விரல் விரலாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தண்ணியை வார்," என்றேன். "ரெண்டு கையாலையும்."