இல்லாதவனுக்கு எதுக்குக் காபி

நவம்பர் பத்து, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தேகால். கடலூரில் மழை இல்லை. மூன்று நாளாக வானம் மூடியே கிடந்தது, இலை அசையவில்லை.

மஞ்சக்குப்பத்தில் என் நண்பன் வீட்டு முன்னறையில் ஞாயிறுதோறும் மூன்று கிழவர்கள் கூடுவோம். பேச்சு ஒன்றேதான்: உண்மையில் எது இருக்கிறது? நான் சைவ சித்தாந்தம் படித்தவன். இறைவன், உயிர், உலகம் மூன்றும் உண்டு என்பேன். வெளிநாட்டில் கடை வைத்திருந்து திரும்பிய பாய், இருப்பவன் அல்லாஹ் ஒருவனே, நமக்கெல்லாம் இரவல் இருப்புதான் என்பார். சிதம்பரத்தில் தத்துவம் கற்பித்து ஓய்வு பெற்ற நண்பன் பௌத்தத்தின் பக்கம். ‘நான்’ என்று எதுவும் கிடையாது என்பான். யார் யாரை எத்தனை முறை மடக்கினார் என்று நான் விரல்விட்டு எண்ணுவேன்.

அன்று அவன் எடுத்த எடுப்பிலேயே, “நான் இல்ல மச்சான்” என்றான்.

“இல்லேன்னு சொல்றது யாரு?”

“சத்தம் வருது. சொல்றவன் இல்ல.”

“சார் இன்னிக்கு ஃபார்ம்ல இருக்காரு. ஒங்களுக்கு ஒண்ணும் தேறாது” என்று பாய் என்னைச் சீண்டினார்.

நான்கு முறை மடக்கினான். ஜெயித்தால் தொடையைத் தட்டிச் சிரிப்பவன், அன்று சிரிக்கவில்லை. டம்ளர்களை எண்ணினேன். இரண்டு காலி. அவனுடைய காபி ஆடை படிந்து அப்படியே இருந்தது. போன ஞாயிறும் அப்படித்தான் இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

டம்ளர் எடுக்க வந்த அவன் மனைவி, “நாலு நாளா சோறும் இப்புடித்தாண்ணே. இல்லாதவனுக்கு எதுக்குங்குறாரு. நீங்க மூணு பேரும் பேசிப் பேசி ஏத்துனது, நீங்களே எறக்கி வுடுங்க” என்றார்.

அவன் மணிக்கட்டைத் தொட்டேன். சில்லிட்டிருந்தது.

“அது எப்பவோ செத்துப்போச்சு மச்சான். நாத்தம் வரல?”

பாய் எழுந்து ஆட்டோ பிடிக்க ஓடினார்.

ரத்தத்தில் உப்பு மிகவும் இறங்கிவிட்டது, மனமும் நோயுற்றிருக்கிறது என்றார் டாக்டர். முன்பணம் நான் கட்டினேன். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தான், மெலிந்து, பேசாமல்.

அடுத்த ஞாயிறு மறுபடி கூடினோம். இருப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மழையைப் பற்றியே பேசினோம். அவன் மனைவி எங்கள் காலி டம்ளர்களை எடுத்தபடி, “அண்ணனுக்கு ஆஸ்பத்திரிப் பணம் குடுக்கணும், ஞாபகம் இருக்கா?” என்று அவனைக் கேட்டார்.

“இல்லாதவன் எப்புடிக் குடுப்பான்?”

பாய் சிரித்தார். அவரை முந்தி நானும் சிரித்திருப்பேன். ஆனால் கண் அவன் டம்ளருக்குப் போயிற்று. ஊற்றிய மட்டத்தில் ஒரு இம்மியும் குறையவில்லை. மேலே ஆடை கட்டத் தொடங்கியிருந்தது.

நானே ஆட்டோவுக்குப் போன் செய்தேன். இரண்டாம் முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தபின், அவன் தானாகக் கை நீட்டிக் காபி வாங்கிக் குடிக்கப் பத்தொன்பது நாள் ஆயிற்று. இப்போது நன்றாகத்தான் பேசுகிறான். இருந்தாலும் அவன் ‘நான்’ என்று தொடங்கும்போதெல்லாம் என் பார்வை டம்ளருக்குத்தான் போகிறது.

இரண்டு முறையும் சேர்த்து எனக்குக் கடைசியில் ஆன செலவு முப்பத்தோராயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய்.